காதலும் விசுவாசமும் சேர்ந்த கிறிஸ்தவ நாவல்கள்: நீங்கள் மறுபடி எடுத்து வாசித்தது எது?

மெழுகுதிரி:

ஆறேழு மாதமாகக் கிறிஸ்தவக் காதல் நாவல்களாகவே வாசித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டோ பதின்மூன்றோ முடித்திருப்பேன். இப்போதெல்லாம் முதல் அத்தியாயம் முடிவதற்குள் கடைசி அத்தியாயம் தெரிந்துவிடுகிறது. மனதில் காயத்தோடும் கடவுள்மேல் கோபத்தோடும் ஒருவன் வருவான். அவள் அவனுக்காக ஜெபிப்பாள். முக்கால் புத்தகம் தாண்டியதும் ஒரு புயல் அடிக்கும், இல்லையென்றால் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும். அவன் முழங்காலில் நிற்பான். இருபது பக்கம் கழித்து மோதிரம்.

முழங்காலில் நிற்பதில் எனக்குக் குறையில்லை, நானும் விசுவாசிதான். ஆனால் மோதிரம் காத்திருக்கிறது என்பதற்காகத்தான் அந்த முழங்கால் மடிகிறதோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அந்தக் கதைகளில் கடவுளுக்குக் கல்யாணத் தரகர் வேலைதான்.

அதனால் கேட்கிறேன். காதலும் இருக்க வேண்டும், விசுவாசமும் இருக்க வேண்டும், இரண்டில் எதுவும் சும்மா கிடைத்ததாக இருக்கக் கூடாது. அப்படி நீங்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுத்து வாசித்த புத்தகம் எது? பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

நூலகப்பூனை:

நீங்கள் சொல்லும் அச்சுக்குக் காரணம் ஒரு வசனம். "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக", இரண்டாம் கொரிந்தியர் 6:14. இந்த வகைப் புத்தகங்களை வெளியிடுகிறவர்களும் வாங்குகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாயகன் அவிசுவாசியாக உள்ளே வந்தால், பலிபீடத்துக்கு முன்னால் அவன் மாறியே ஆக வேண்டும். கதாசிரியருக்கு வேறு வழி கிடையாது. படுக்கையறைக் கதவு மூடியிருக்கும், கெட்ட வார்த்தை இருக்காது, இவன் மாறுவான். வேலி போட்ட தோட்டம் அது. உள்ளே நன்றாகப் பயிர் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அரைத்த மாவையே அரைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நல்ல பயிருக்கு என் உதாரணம் ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'. 1979இல் வந்தது. இன்றைக்கு நாம் பார்க்கும் கிறிஸ்தவக் காதல் நாவல் சந்தைக்கு வழி திறந்தது இதுதான் என்று பலரும் சொல்வார்கள். அமெரிக்காவின் மேற்கு நோக்கி வண்டியில் போகும் வழியில் மார்ட்டியின் கணவன் இறந்துபோகிறான். அவளோ கர்ப்பிணி. கணவனைப் புதைத்த அன்றைக்கே கிளார்க் என்பவர் வந்து தன்னை மணந்துகொள்ளும்படி கேட்கிறார். தாயில்லாத தன் சின்ன மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். வசந்தத்தில் ஊருக்குத் திரும்பிப் போக விரும்பினால் வண்டிக்கூலி தருவதாகவும் வாக்குக் கொடுக்கிறார்.

கவனியுங்கள், கல்யாணம் ஆரம்பத்திலேயே முடிந்துவிட்டது. மோதிரத்துக்காக யாரும் முழங்கால் மடிக்க வேண்டியதில்லை! அப்புறம் அந்த வீட்டில் நடப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். சமைக்கத் தெரியாத மார்ட்டி வேளைக்கு வேளை பான்கேக்கையே சுட்டு வைக்கிறாள். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுகிறார். சாப்பாட்டுக்கு முன் அவர் கடவுளோடு சாதாரணமாகப் பேசுவதைக் கேட்டு அவள் திடுக்கிடுகிறாள். கடவுளிடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று அவளுக்கு ஆச்சரியம். அவளுடைய விசுவாசம் அங்கேதான், மேசையடியில், தொடங்குகிறது. நடை ரொம்ப எளிமை, சில இடங்களில் சிறுவர் கதை மாதிரிகூட இருக்கும். இருந்தாலும் மூன்று முறை வாசித்திருக்கிறேன்.

சந்தேகத்தோமா:

தினமும் பான்கேக் தின்றுவிட்டு வாய் திறக்காத புருஷன். இதற்கு மேல் ஒரு அற்புதம் வேண்டுமா?

கடைசிவரிசை:

ஃபிரான்சின் ரிவர்ஸ் பெயரை இன்னும் யாரும் சொல்லாதது ஆச்சரியம். 'ரிடீமிங் லவ்'. அவர் முதலில் சாதாரணச் சரித்திரக் காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர், எண்பதுகளின் நடுவில் மனந்திரும்பினார். அதற்குப் பிறகு எழுதியது இது. 1991இல் பொதுப் பதிப்பகம் ஒன்றில் வந்தது, 1997இல் திருத்தப்பட்டுக் கிறிஸ்தவப் பதிப்பகத்தில் மறுபடி வந்தது, 2022இல் படமாகவும் எடுத்தார்கள்.

துரோகம் செய்த மனைவியை விடாமல் நேசித்த ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850களின் கலிஃபோர்னியா தங்க வேட்டைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஏஞ்சல் எட்டு வயதில் விற்கப்பட்டவள். மைக்கேல் ஓசியா என்னும் விவசாயி, கடவுள் சொன்னார் என்று அவளை மணக்கிறான். அவள் ஓடிப்போகிறாள், அவன் தேடிப் போகிறான். மறுபடியும் ஓடுகிறாள்.

வேதாகமத்தில் ஓசியா ஒரு பெண்ணைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்கிறார். விலை எழுதியிருக்கிறது, ஆனால் அவருடைய மனைவி கோமேர் தன் மனதில் இருப்பதைத் தானே சொல்லும் இடம் ஒன்றுகூட இல்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டும் எனக்கு அது தோன்றியதில்லை. இந்த நாவலை வாசித்தபின்தான், அடடா, அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லையே என்று உறைத்தது. அதற்காகவே என் முதல் ஓட்டு இதற்கு.

மார்த்தாள்:

கடைசிவரிசை அண்ணா, நீங்கள் சொன்ன அதே காரணத்துக்காகத்தான் எனக்கு அந்தப் புத்தகத்தோடு சண்டை.

அவள் கல்யாணத்துக்குச் சம்மதிப்பது எப்போது? அடிபட்டு, அரை மயக்கத்தில் கிடக்கும்போது. எழுந்து பார்த்தால் யாரோ ஒருவன் வீட்டில் மனைவியாக இருக்கிறாள். அவனுக்குக் கடவுளின் குரல் கேட்டிருக்கலாம், அவளுக்குக் கேட்கவில்லையே? கோமேரை யாரும் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டோம், இங்கேயும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் இந்த நாவலை ஒரு தோழிக்குப் பரிசாகக் கொடுத்தேன். அவளுடைய வீட்டு நிலைமை எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள். "ஓடிப்போனவள் திரும்பி வருவதுதான் சாட்சி என்று எல்லாரும் சொல்கிறார்கள், நீயுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மைக்கேல் அவளை அடிக்கிறவன் இல்லை, அது வேறு கதை, எல்லாம் தெரியும். ஆனால் வாசிக்கிறவள் எந்த வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறாள் என்பதும் இருக்கிறது. இப்போது யாருக்கும் கேட்காமல் அந்தப் புத்தகத்தைக் கொடுப்பதில்லை.

கடைசிவரிசை:

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, சிஸ்டர். பரிசாகக் கொடுப்பது பற்றி நீங்கள் சொன்னது சரி.

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன் (ஸ்பாய்லர், வாசிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்). கடைசி முறை அவள் போகும்போது மைக்கேல் பின்னால் போவதில்லை. மூன்று வருடம் அவள் தனியாக இருக்கிறாள். அவளுடைய மனந்திரும்புதல் அவன் பக்கத்தில் இல்லாத காலத்தில் நடக்கிறது. தன்னைப் போன்ற பெண்களுக்கு ஒரு வீடு நடத்துகிறாள். திரும்பி வரும்போது அதுவரை அவனிடம் சொல்லாத தன் உண்மைப் பெயரைச் சொல்கிறாள். மெழுகுதிரி கேட்டது இதுதானே, மோதிரத்துக்காக மடியாத முழங்கால்?

மார்த்தாள்:

அந்த மூன்று வருடத்தை ரிவர்ஸ் இன்னும் நூறு பக்கம் எழுதியிருந்தால் நானும் உங்களோடு ஓட்டுப் போட்டிருப்பேன்.

நூலகப்பூனை:

ரிவர்ஸ் என்றால் என் தேர்வு 'மார்க் ஆஃப் தி லயன்' மூன்று பாகங்கள்தான், 1993 முதல் 1995 வரை வந்தவை. எருசலேம் இடிந்தபின் ரோமுக்கு அடிமையாகப் போகும் ஹதாசா என்ற பெண். எஜமானர் மகன் மார்க்கஸ் அவளை விரும்புகிறான். அவளுக்கும் மனம் இருக்கிறது. ஆனால் அவன் கேட்டதும் வேண்டாம் என்கிறாள். அவனுக்கு அவமானம், கோபம். இங்கே அந்த நுக வசனம் வெறும் வேலியாக நிற்கவில்லை, அவள் மாம்சத்தைக் கிழிக்கிறது. முதல் பாகம் முடியும் இடத்தில் புத்தகத்தை எறிந்துவிட்டு உடனே இரண்டாம் பாகத்தைத் தேடியவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு இன்னும் மறக்காதது காதல் காட்சி அல்ல. இரண்டாம் பாகத்தில் முகத்தை மூடிக்கொண்டு, தன்னைச் சாவுக்கு அனுப்பிய ஜூலியாவுக்கே, மார்க்கஸின் தங்கைக்கே, ஹதாசா பணிவிடை செய்வாள். யார் என்று ஜூலியாவுக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களை மெதுவாக வாசியுங்கள்.

சந்தேகத்தோமா:

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிற ரகம். ஆனாலும் மெழுகுதிரியின் கேள்வி பிடித்திருக்கிறது. கிறிஸ்தவப் பதிப்பக அலமாரியை விட்டு இரண்டு எட்டு நகர்ந்தால் நீங்கள் தேடுவது கிடைக்கும்.

ஒன்று, டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு', 1899. நெஹ்லூதவ் என்ற பிரபு இளமையில் ஒரு வேலைக்காரப் பெண்ணைக் கெடுத்துக் கைவிடுகிறான். வருடங்கள் கழித்து அவன் நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்திருக்கும்போது குற்றவாளிக் கூண்டில் அதே காத்யூஷா நிற்கிறாள். அவனுக்கு மனம் உடைகிறது. சிறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மணந்துகொள்கிறேன் என்கிறான். மற்ற நாவல்கள் இங்கே முடிந்திருக்கும். இவளோ வெடிக்கிறாள்: இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் தேடினாய், மறுமையிலும் என்னை வைத்தே உன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாயா என்று. கடைசி வரைக்கும் அவள் அவனை மணப்பதில்லை. அவன் மனமாற்றத்துக்கு அவள் பரிசு அல்ல. இதற்கு வந்த பணத்தை டூகபோர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ரஷ்யாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறக் கொடுத்தார் கிழவர். திருச்சபையோ 1901இல் அவரை வெளியே தள்ளியது. இதைக் கிறிஸ்தவ நாவல் என்று சொல்லலாமா கூடாதா என்று நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கிரகாம் கிரீனின் 'தி எண்ட் ஆஃப் தி அஃபேர்', 1951. போர்க்கால லண்டன். குண்டு விழுகிறது, காதலன் செத்துவிட்டான் என்று நினைக்கிறாள் சாரா. நம்பாத கடவுளிடம் பேரம் பேசுகிறாள்: இவன் பிழைத்தால் இவனை விட்டுவிடுகிறேன். கதவு திறக்கிறது, அவன் உயிரோடு நிற்கிறான். இனி வாக்கைக் காப்பாற்ற வேண்டும்! அவனுக்குக் காரணம் தெரியாது, வேறு ஒருவன் இருக்கிறான் என்று துப்பறிகிறவனை வைக்கிறான். வேறு ஒருவர் இருக்கத்தான் செய்கிறார், அது கடவுள். கள்ளத்தொடர்பில் தொடங்கும் கதை, உங்கள் வேலிக்குள் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். ஆனால் கடவுள் தரகராக வராமல் எதிராளியாக வரும் காதல் கதை எனக்குத் தெரிந்து இதுதான்.

சங்கீதம்இருபத்துமூன்று:

மன்னிக்க வேண்டும், தம்பி. இவை பெரிய புத்தகங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தலைப்பு ஊக்கம் தரும் நாவல்கள் பற்றியது என்றுதான் உள்ளே வந்தேன்.

படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைக் கவனித்துக்கொள்வது என் நாள் முழுவதும். இரவு பத்தரைக்கு மேல் எனக்கென்று முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் பேரம் பேசும் சாராவையும் வெடிக்கும் காத்யூஷாவையும் என்னால் தாங்க முடியாது. கடைசியில் எல்லாம் சரியாகும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்த புத்தகம்தான் வேண்டும். முடிவு தெரிந்திருப்பதை எல்லாரும் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் மருந்து. வேதாகமத்தில் சங்கீதத்தை வாசிக்கும்போது முடிவு தெரியாமலா வாசிக்கிறோம்?

என் பரிந்துரை ஜான் கேரனின் 'அட் ஹோம் இன் மிட்ஃபோர்ட்', 1994. அதன் தொடர்ச்சிகளும்தான். அறுபது வயதைத் தொட்ட, மணமாகாத குருவானவர் ஃபாதர் டிம். சர்க்கரை வியாதி, வேலைப்பளு, திடீரென்று கைக்கு வந்து சேர்ந்த ஒரு முரட்டுப் பையன். பக்கத்து வீட்டில் சிந்தியா, சிறுவர் புத்தகங்கள் எழுதுகிறவர். இருபது வயதுக்காரர்களின் படபடப்பு எதுவும் இல்லை. இத்தனை வருடம் தனியாக இருந்து பழகிவிட்டேனே, இனி ஒருவரை உள்ளே விடுவதா என்ற பயம் மட்டும்தான். அந்தப் பயத்தை இவ்வளவு கனிவாக எழுதி நான் வாசித்ததில்லை.

அப்புறம் அந்த நாய்! பார்னபாஸ் என்று பெயர். பெரிய உருவம், ஆளைக் கண்டால் பாய்ந்து ஏறிவிடும். ஒரு வேத வசனம் சொன்னால் மட்டும் அடங்கிப் படுத்துவிடும். நான் வாய்விட்டுச் சிரித்த கிறிஸ்தவ நாவல் அது ஒன்றுதான்.

சந்தேகத்தோமா:

அக்கா, "முடிவு தெரியாமலா சங்கீதம் வாசிக்கிறோம்" என்றதற்கு என்னிடம் பதில் இல்லை. நாய்க்காக மட்டும் முயற்சி செய்கிறேன்.

பழையதாள்:

இளையவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். இந்த வகை நேற்று முளைத்தது போலப் பேசுகிறீர்கள்.

1896இல் போலந்துக்காரர் சென்கியேவிச் 'குவோ வாடிஸ்' எழுதினார், 1905இல் நோபல் பரிசும் வாங்கினார். நீரோ காலத்து ரோம். விநீசியஸ் என்ற படைத்தளபதி லிகியா என்ற கிறிஸ்தவப் பெண்ணை முதலில் பலவந்தமாக அடையப் பார்க்கிறான், போகப் போக மாறுகிறான். மெழுகுதிரி அலுத்துக்கொள்ளும் அதே அச்சுதான், இந்த நாவலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் இரண்டு காரியம் பாருங்கள். நாவலிலேயே அதிகம் நேசிக்கத்தக்க மனிதர் பெத்ரோனியஸ். நகைச்சுவையும் ரசனையும் உள்ளவர், கிறிஸ்தவர்களை மதிக்கிறார், கடைசி வரை கிறிஸ்தவராவதில்லை. ஆசிரியர் அவரை வற்புறுத்தவில்லை. மற்றது கீலோன். கிளாக்கஸ் என்ற மருத்துவனின் குடும்பத்தையே நாசமாக்கிய காட்டிக்கொடுப்பவன். நீரோவின் தோட்டத்தில் கம்பத்தில் எரிந்துகொண்டிருக்கும் கிளாக்கஸிடம் அவன் மன்னிப்புக் கேட்கிறான், நெருப்புக்குள்ளிருந்து மன்னிப்பு வருகிறது. அந்த இடத்தில் கீலோன் மாறுகிறான். அவனுக்கு மோதிரம் காத்திருக்கவில்லை, சாவுதான் காத்திருந்தது.

கேத்தரின் மார்ஷலின் 'கிறிஸ்டி'யையும் விட்டுவிட்டீர்களே. 1967. தம் தாயின் இளமைக்கால அனுபவத்தை வைத்து எழுதியது. 1912இல் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அப்பலாச்சிய மலைப்பகுதிப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போகிறாள். அங்கே ஃபேர்லைட் என்ற மலைவாசிப் பெண்ணுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து உயிர்த்தோழியாகிறாள். டைஃபாய்டு வருகிறது, ஃபேர்லைட் போய்விடுகிறாள். ஊழியம் செய்யப் போன கிறிஸ்டிக்கே விசுவாசம் ஆட்டம் காணுகிறது. இங்கே தேற வேண்டியவள் நாயகிதான். கிறிஸ்தவ நாவல்களுக்குத் தரும் 'கிறிஸ்டி' விருதுக்கே இந்தப் புத்தகத்தின் பெயரைத்தான் வைத்தார்கள்.

நம் மொழிக்கும் இது புதிதில்லை. முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ஜான் பனியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் 'மோட்சப் பிரயாணம்' நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது! அதைக் கிருஷ்ணப் பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காப்பியமாகவே பாடிவிட்டார். ஆனால் அந்தக் கதையில் கிறிஸ்தியான் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். காதல் நாவல் பட்டியலில் சேராது என்று என் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

பக்கம்புரட்டி:

ஆமிஷ் நாவல்கள், அதாவது நவீன வசதிகளைத் தவிர்த்துத் தனிச் சமூகமாக வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றிய கதைகள், யாராவது வாசித்திருக்கிறீர்களா? பெவர்லி லூயிஸின் 'தி ஷனிங்' (1997) நன்றாக இருந்தது. கட்டுப்பாட்டை மீறியவளிடம் சொந்தக் குடும்பமே முகம் கொடுக்காமல் ஒதுக்குவது எப்படி என்பதைக் கண்முன் நிறுத்துகிறது. அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதிய நாலைந்தைப் புரட்டினேன், அட்டையில் தலைமூடி போட்ட பெண், உள்ளே உப்புச் சப்பில்லை.

மார்த்தாள்:

மெழுகுதிரி, சண்டை போட்டதோடு நிறுத்திக்கொண்டேன், என் தேர்வைச் சொல்லவில்லை. மெரிலின் ராபின்சனின் 'லைலா', 2014. அவருடைய 'கிலியட்' (2004, அடுத்த வருடம் புலிட்சர்) நாவலில் ஜான் ஏம்ஸ் என்ற வயதான போதகர் தன் சின்ன மகனுக்குக் கடிதம் எழுதுவார். அந்தப் பிள்ளையின் அம்மாதான் லைலா. நாடோடியாக அலைந்தவள், சொந்த ஊர் கிடையாது, கத்தி ஒன்றுதான் சொத்து. ஒருநாள் நேராக அவரிடம், நீங்கள் என்னைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். அவர், ஆமாம், செய்துகொள்கிறேன் என்கிறார். இவ்வளவுதான் காதல் வசனம்.

அவள் ஆலயத்திலிருந்து ஒரு வேதாகமத்தைத் திருடி வந்து, எழுதிப் பழகுவதற்காக எசேக்கியேலைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறாள். பதினாறாம் அதிகாரம். பிறந்த அன்றே வெளியில் எறியப்பட்டு இரத்தத்தில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து "பிழைத்திரு" என்று சொல்லும் இடம். தன் கதை அங்கே இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். யாரும் பிரசங்கம் செய்து காட்டவில்லை.

அப்புறம் ஞானஸ்நானம் வாங்கியதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பயம் வருகிறது. தன்னைத் தூக்கி வளர்த்த டால் என்பவள் ஞானஸ்நானம் பெறாதவள். பரலோகத்தில் டால் இருக்க மாட்டாள் என்றால் எனக்கு அது எதற்கு? ஆற்றுக்குப் போய்த் தன் ஞானஸ்நானத்தைக் கழுவிப் போடுகிறாள். அதுவும் ஒரு போதகரை நேசிக்கிறவள்! முதல் முறை வாசித்தபோது அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு எச்சரிக்கை: மெதுவான புத்தகம், அத்தியாயப் பிரிவே கிடையாது.

மெழுகுதிரி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாக இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் 'லைலா'தான். ஆற்றங்கரை வரைக்கும் வந்திருக்கிறேன். எல்லாம் சரியாகிவிடுமா என்று இந்த முறை எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, மார்த்தாள் அக்கா தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அடுத்தது 'குவோ வாடிஸ்', பெத்ரோனியஸுக்காக. 'ரிடீமிங் லவ்' வீட்டில் இருக்கிறது. அந்த மூன்று வருடப் பகுதியை மட்டும் மறுபடி வாசித்துவிட்டு வந்து யார் பக்கம் என்று சொல்கிறேன்.

சங்கீதம்இருபத்துமூன்று:

தோமா தம்பி, மிட்ஃபோர்ட் என்ன ஆயிற்று?

சந்தேகத்தோமா:

நாய் பிடித்திருக்கிறது. இரண்டாம் பாகம் எடுத்திருக்கிறேன், அதுவும் நாய்க்காகத்தான்.